திருத்திய கோப்பின் மேல் பொதி ஏறாமல் இருக்க

கோத்தகிரியில் இருந்தபடி, மலையில் அங்கங்கே இருக்கும் சில தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக ஒரு சின்ன நிரலைப் பராமரித்து வருகிறேன். விவசாயி பசுந்தேயிலைச் சாக்கைத் தராசில் வைப்பார். கணினி எடையை வாங்கி, சாக்கின் எடையைக் கழித்து, இலை நனைந்திருந்தால் ஈரத்துக்கும் ஒரு பங்கு கழித்து, எடைச்சீட்டை அச்சடித்துக் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நிரலுக்குக் 'கொழுந்து' என்று பெயர் வைத்திருக்கிறேன். கணினிகள் பழையவை, எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது.

ஒரு நவம்பரில் புதுப் பதிப்பு ஒன்றைப் பொதியாக, அதாவது நிறுவுவதற்கான ஒரே கோப்பாக, கட்டி எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு தொழிற்சாலையில் எடை போடும் தம்பி கூப்பிட்டான். "அண்ணா, சொட்டச் சொட்ட நனைஞ்சு வர்ற இலைக்குக்கூட கழிவு காட்ட மாட்டேங்குது. முந்தி இப்படி இல்லையே?" போய்ப் பார்த்தால், அவர்கள் தங்கள் தராசுக்கும் தங்கள் மழைக்கும் ஏற்றபடி திருத்தி வைத்திருந்த அமைவுக் கோப்பைக் காணோம். அதே இடத்தில், அதே பெயரில், நான் வீட்டில் சோதனைக்காக எழுதிய கோப்பு உட்கார்ந்திருந்தது. அதில் ஈரக்கழிவு 0. மூன்று நாள் சீட்டுகளையும் எடுத்து வைத்துக் கையால் திருத்தினோம். தப்பு முழுக்க என்னுடையது. பொதி கட்டும்போது எழுத வேண்டிய ஒரே ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தேன்.

ஒரே அமைவை எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்கலாம். இந்த மலையில் அது நடக்காது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிறது, அக்டோபர், நவம்பரில்தான் இலை நனைந்து வரும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே பிடித்துக்கொள்ளும். ஓர் இடத்தில் ஈரக்கழிவை ஏற்றும் மாதத்தில் இன்னோர் இடத்தில் இறக்குவார்கள். தராசு மாடலும் அச்சு இயந்திரமும்கூட இடத்துக்கு இடம் வேறு. அந்தக் கோப்பில் இருப்பது அந்த இடத்து ஆட்களின் அனுபவம். அதன் மேல் என் பொதி ஏறி உட்கார எந்த உரிமையும் இல்லை.

தொடங்குவதற்கு முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், பேரெழுத்து என்று நான் சொல்லாத இடத்தில் எல்லாம் சிற்றெழுத்து. இரட்டைக் கோடு போட்டிருந்தால் அதுவும் கட்டளையின் பகுதி.

முதலில் பிரித்து வையுங்கள்

பொதி கட்டுவதற்கு முன், நிரலோடு போகும் ஒவ்வொரு கோப்பையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இதை மாற்றப்போவது யார்?

நான் மட்டும்தான் மாற்றுவேன் என்றால் அது நிரலின் பகுதி. '/யுஎஸ்ஆர்' கோப்புறைக்குக் கீழே போகட்டும், ஒவ்வொரு பதிப்பிலும் தாராளமாக மேலெழுதலாம். கணினியை வைத்திருப்பவர் கையால் திருத்துவார் என்றால் அது அமைவுக் கோப்பு. அதன் இடம் '/இடிசி'. நிரல் தானே ஓடிக்கொண்டு எழுதும் கோப்பு மூன்றாவது வகை: கடைசிச் சீட்டு எண், இன்றைய மொத்த எடை போன்றவை. அவற்றுக்கு '/வார்/லிப்' கோப்புறைக்குள் ஓர் இடம் உண்டு.

இந்த மூன்றாவது வகையில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் சீட்டு எண்ணை அமைவுக் கோப்பிலேயே எழுத விட்டிருந்தேன். ஒரு கோப்பை மனிதரும் திருத்தி, நிரலும் திருத்தினால், பொதிகளை நிறுவும் நிரலான பொதி நிர்வாகியின் கண்ணுக்கு அது எப்போதும் 'திருத்தப்பட்ட கோப்பு'தான். பின்னால் சொல்லப்போகும் வசதிகள் எதுவும் அதற்குச் சரியாக வேலை செய்யாது. நிரல் எழுதும் எதையும் '/இடிசி'யில் வைக்காதீர்கள்.

பொதியைக் கட்டுவது

கையாலேயே கட்டிப் பார்ப்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்தக் கருவியும் மிரட்டாது.

'கொழுந்து' என்று ஒரு கோப்புறை உருவாக்குங்கள். அதற்குள், கணினியில் கோப்புகள் எங்கே போய் உட்கார வேண்டுமோ அதே அமைப்பில் கோப்புறைகள் இருக்கட்டும்: 'யுஎஸ்ஆர்/பின்' உள்ளே நிரல், 'இடிசி/கொழுந்து' உள்ளே 'எடை.கான்ஃப்' என்ற அமைவுக் கோப்பு. இவற்றோடு 'டெபியன்' என்று ஒரு கோப்புறையும் வேண்டும், அந்தப் பெயர் முழுக்கப் பேரெழுத்தில். அதற்குள் 'கன்ட்ரோல்' என்ற கோப்பில் பொதியின் பெயர், பதிப்பு எண், எந்த வகைச் செயலிக்கானது, பராமரிப்பவர், ஒரு வரி விளக்கம் ஆகியவை. பொதியின் பெயரில் சிற்றெழுத்து, எண், கூட்டல் குறி, கழித்தல் குறி, புள்ளி இவை மட்டுமே வரலாம்.

அதே 'டெபியன்' கோப்புறைக்குள் 'கான்ஃபைல்ஸ்' என்று இன்னொரு கோப்பு. நான் எழுதாமல் விட்டது இதைத்தான். அதில் வரிக்கு ஒன்றாக, அமைவுக் கோப்புகளின் முழுப் பாதை:

/இடிசி/கொழுந்து/எடை.கான்ஃப்

தொடக்கத்தில் சாய்கோடு கட்டாயம். கடைசி வரிக்குப் பிறகும் எண்டர் தட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டும் கருவி முறைத்துக்கொள்ளும். பட்டியலில் எழுதிய கோப்பு பொதிக்குள் இல்லாவிட்டாலும் கட்ட மறுக்கும். அந்த மறுப்பு நல்லதுதான், எழுத்துப்பிழையை அங்கேயே பிடித்துக் கொடுக்கிறது.

அப்புறம் மேல் கோப்புறையில் நின்றுகொண்டு:

டிபிகேஜி-டெப் --ரூட்-ஓனர்-குரூப் --பில்ட் கொழுந்து

நடுவில் இருக்கும் விருப்பக்குறி, பொதிக்குள் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளராக ரூட் என்ற நிர்வாகிக் கணக்கைப் போடச் சொல்கிறது. அதை விட்டால் உங்கள் வீட்டுக் கணக்கின் எண் உள்ளே போய்விடும்.

கட்டிய பொதியை உடனே நம்ப வேண்டாம். 'டிபிகேஜி-டெப் --இன்ஃபோ' என்று தட்டி, பொதியின் பெயரைக் கொடுத்து, பின்னால் 'கான்ஃபைல்ஸ்' என்று சேர்த்தால் உள்ளே இருக்கும் பட்டியல் திரையில் வரும். வரவில்லையென்றால் நீங்கள் என் நவம்பர் மாதத்தில் இருக்கிறீர்கள்.

டெப்ஹெல்ப்பர் என்ற கருவித் தொகுப்பைக் கொண்டு முறைப்படி கட்டுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலை எழுதும் வேலை இல்லை. '/இடிசி'க்குள் போகும் எல்லாக் கோப்பையும் அதுவே பட்டியலில் சேர்த்துவிடும். வசதிதான். ஆனால் எதற்காகச் சேர்க்கிறது என்று தெரியாமலே பல ஆண்டுகள் ஓட்டிவிடலாம் என்பதால்தான் கையால் தொடங்கச் சொன்னேன்.

மூன்று கைரேகை

பட்டியலில் பெயர் இருந்தால், டெபியனின் பொதி நிர்வாகியான டிபிகேஜி என்ன செய்கிறது? பொதியை முதல்முறை நிறுவும்போது, அமைவுக் கோப்பு எப்படி வந்ததோ அப்படியே அதற்கு எம்டி5 என்ற ஒரு கைரேகையைக் கணக்கிட்டு, தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேடு '/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்' என்ற கோப்பு. திறந்து பார்க்கலாம், சாதாரண எழுத்துதான்.

புதுப் பதிப்பு வரும்போது மூன்று கைரேகை அதன் கையில் இருக்கும். போனமுறை பொதியில் வந்த கோப்பின் ரேகை, இப்போது வட்டில் கிடக்கும் கோப்பின் ரேகை, புதுப் பொதியில் வரும் கோப்பின் ரேகை. இந்த மூன்றை ஒப்பிட்டால் யார் மாற்றினார்கள் என்று தெரிந்துவிடும். கோப்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது படித்துப் பார்ப்பதே இல்லை.

கணினிக்காரர் கை வைக்கவில்லை, நான் மட்டும் மாற்றினேன் என்றால், சத்தமில்லாமல் புதியது ஏறும். அவர் திருத்தியிருக்கிறார், நான் என் பங்குக்கு எதையும் மாற்றவில்லை என்றால், அவருடையது சத்தமில்லாமல் அப்படியே இருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டும்தான். இருவரும் மாற்றியிருந்தால் மட்டும் டிபிகேஜி நின்று கேள்வி கேட்கும்.

நான்காவதாக ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. கணினிக்காரர் அந்தக் கோப்பை அழித்தே விட்டிருந்தால்? அதையும் ஒரு திருத்தமாகவே டிபிகேஜி மதிக்கிறது, புதுப் பதிப்பு ஏற்றும்போது கோப்பைத் தானாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்காது. "அழிச்சிட்டேன் அண்ணா, மறுபடி இன்ஸ்டால் பண்ணினா வந்துடும்னு நினைச்சேன்" என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு '--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' என்ற விருப்பக்குறியோடு டிபிகேஜியை ஓட்டச் சொல்லுங்கள், வந்துவிடும்.

கைரேகை என்பதால் இன்னொன்று கவனிக்க வேண்டும். ஓர் இடைவெளி கூடினாலும் ரேகை மாறும். கோப்பின் தேதி மட்டும் மாறினால் மாறாது. ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப்போய் விண்டோஸ் கணினியில் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தார். பார்வைக்கு எழுத்து எல்லாம் அதேதான். ஆனால் அந்த எடிட்டர் வரி முடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றியிருந்தது, ரேகை வேறாகிவிட்டது. அவர் சத்தியம் செய்தார், நான் தொடவே இல்லை என்று. அவர் சொன்னதும் உண்மை, டிபிகேஜி சொன்னதும் உண்மை.

பொதி கட்டுபவர் பக்கத்துக்கு இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. எனக்கு மிகவும் உதவிய விதி இது. அமைவுக் கோப்பின் தலைப்புக் குறிப்பில் பதிப்பு எண்ணையோ கட்டிய தேதியையோ எழுதாதீர்கள். "கொழுந்து 1.3 அமைவு" என்று அழகுக்காக ஒரு வரி போட்டிருந்தேன். ஒவ்வொரு பதிப்பிலும் அந்த வரி மாறும். அந்த ஒரு வரிக்காக, ஒவ்வொரு முறையும், திருத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு கணினியிலும் கேள்வி வரும். எழுத்துப்பிழை திருத்தம், குறிப்புகளை ஒழுங்குபடுத்துவது இவையும் அப்படித்தான். இப்போதெல்லாம் கோப்பில் பிழை கண்ணில் பட்டால்கூட, உண்மையிலேயே ஓர் அமைவு மாறும் பதிப்பு வரும்வரை பொறுத்துக்கொள்கிறேன்.

கேள்வி வரும்போது

திரையில் வருவதன் சாரம் இது: இந்தக் கோப்பை நீங்களோ ஒரு ஸ்கிரிப்ட்டோ மாற்றியிருக்கிறீர்கள், பொதி கட்டியவரும் புதியது அனுப்பியிருக்கிறார், என்ன செய்யட்டும்? ஒய் அல்லது ஐ தட்டினால் புதியது ஏறும். என் அல்லது ஓ தட்டினால் பழையதே இருக்கும். டி தட்டினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். இசட் தட்டினால் நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வர கட்டளை தட்டும் ஒரு ஷெல் திறக்கும். எதுவும் தட்டாமல் எண்டர் மட்டும் அடித்தால் பழையது இருக்கும்.

எடை போடும் தம்பிகளுக்கு நான் சொல்லி வைத்திருப்பது இவ்வளவே: முதலில் டி, பார்த்துவிட்டு என். குழப்பமாக இருந்தால் எண்டர். ஒய் பக்கம் கை போகவே வேண்டாம்.

எந்தப் பதிலைச் சொன்னாலும் மற்றது தொலைவதில்லை. பழையதை வைத்துக்கொண்டால், புதியது அதே கோப்புறையில் பெயருக்குப் பின்னால் '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற ஒட்டோடு கிடக்கும். புதியதை ஏற்றினால், உங்கள் பழைய கோப்பு '.டிபிகேஜி-ஓல்ட்' என்ற ஒட்டோடு கிடக்கும். தவறி ஒய் தட்டியவர் பதற வேண்டாம், பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த ஒட்டுகளால் வரும் ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிரல் ஒரு கோப்புறையில் இருக்கும் எல்லாக் கோப்பையும் அமைவாகப் படிக்கிறது என்றால், '.டிபிகேஜி-ஓல்ட்' கோப்பையும் படித்துத் தொலைக்கும். '.கான்ஃப்' என்று முடிபவற்றை மட்டும் படிக்கும்படி நிரலை எழுதுங்கள்.

சரி, கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இல்லாத கணினி என்றால்? இரவில் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருப்போம். 'டெபியன்_ஃப்ரன்ட்எண்ட்' என்ற சூழல் மாறியை (பெயர் முழுக்கப் பேரெழுத்தில்) 'நான்இன்டராக்டிவ்' என்று வைத்தால் எந்தக் கேள்வியும் வராது என்று ஒரு பொதுவான நம்பிக்கை இருக்கிறது. அது, பொதிகளின் சார்பில் கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் என்ற தனிக் கருவியின் கேள்விகளுக்கு மட்டும்தான் பொருந்தும். அமைவுக் கோப்புக் கேள்வியை டிபிகேஜி நேரடியாகக் கேட்கிறது, அந்த மாறியை அது பொருட்படுத்துவதில்லை. பதில் வராமல் உள்ளீடு முடிந்துபோனால் பொதி பாதியில் நிற்கும். காலையில் வரிசையில் இலைச் சாக்குகள் காத்திருக்கும், சீட்டு வராது.

அதற்கு '--ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப்', '--ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட்' என்ற இரண்டு விருப்பக்குறிகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலாவது, இயல்பான விடை ஒன்று இருந்தால் கேட்காமல் அதை எடுத்துக்கொள் என்கிறது. அப்படி இல்லாத இடத்தில் இரண்டாவது, பழையதையே வை என்கிறது. '--ஃபோர்ஸ்-கான்ஃப்நியூ' என்றும் ஒன்று உண்டு. நாம் இவ்வளவு பாடுபடுவது எதற்கோ அதை நேர் எதிராகச் செய்யும் குறி அது.

என் இரண்டாவது தப்பு

பட்டியலில் கோப்பைச் சேர்த்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று இருந்தேன். அடுத்த பதிப்பில் தராசின் இணைப்பு முனை எது என்று தானாகக் கண்டுபிடித்து அமைவுக் கோப்பில் எழுதும் வசதியைச் சேர்த்தேன். நிறுவி முடிந்ததும் ஓடும் 'போஸ்ட்இன்ஸ்ட்' ஸ்கிரிப்ட்டில் எழுத்தை மாற்றும் 'செட்' (எஸ், இ, டி) கட்டளையை வைத்து ஒரு வரியை மாற்றினேன். வேலை செய்தது, பெருமையாகக்கூட இருந்தது.

அமைவுக் கோப்பிலும் மாற்றம் இருந்த அதற்கடுத்த பதிப்பில் எல்லாக் கணினியிலும் கேள்வி வந்தது. யாரும் எதையும் திருத்தாத கணினியிலும் வந்தது. ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும்: ரேகையை மாற்றியது என் ஸ்கிரிப்ட். டிபிகேஜிக்கு மனிதர் கையும் ஸ்கிரிப்ட் கையும் ஒன்றுதான். திருத்தாத கோப்பைப் பற்றிக் கேள்வி கேட்டால் ஆட்களுக்கு எரிச்சல் வரும், நாலு முறை எரிச்சல் வந்தால் ஐந்தாவது முறை படிக்காமலே ஒய் தட்டுவார்கள். ஓர் இரவு ஒருவர் தட்டினார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊட்டி வழியாகக் கூடலூர் போனேன். ஊட்டியிலிருந்தே 50 கிலோமீட்டர் அளவுக்கு இறக்கம், நடுவட்டத்துக் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

டெபியனின் கொள்கை ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்கிறது: 'கான்ஃபைல்ஸ்' பட்டியலில் இருக்கும் கோப்பைப் பொதியின் ஸ்கிரிப்ட்டுகள் தொடக் கூடாது. ஒன்று பட்டியலில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது பட்டியலில் வைக்காமல் ஸ்கிரிப்ட்டே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இரண்டையும் கலந்தால் என் கதைதான்.

ஸ்கிரிப்ட்தான் கோப்பை உருவாக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் யுசிஎஃப் என்ற கருவி இருக்கிறது. மாதிரிக் கோப்பை '/யுஎஸ்ஆர்/ஷேர்' கீழே எங்காவது வையுங்கள். 'போஸ்ட்இன்ஸ்ட்' ஸ்கிரிப்ட்டில் யுசிஎஃப்பைக் கூப்பிட்டு, மாதிரியின் பாதையையும் '/இடிசி'யில் போய்ச் சேர வேண்டிய பாதையையும் கொடுங்கள். அது தனியாகக் கைரேகைக் கணக்கு வைத்துக்கொண்டு, டிபிகேஜியைப் போலவே நடந்துகொள்ளும். பொதியை முழுக்க அழிக்கும்போது அந்தக் கணக்கையும் அழிக்கச் சொல்லி 'போஸ்ட்ஆர்எம்' ஸ்கிரிப்ட்டில் எழுத மறக்காதீர்கள்.

அழிப்பது என்றதும் ஒன்று. 'ரிமூவ்' செய்தால் நிரல் போகும், அமைவுக் கோப்புகள் இருக்கும். திரும்ப நிறுவினால் பழைய திருத்தங்களோடு எழுந்து நிற்கும். 'பர்ஜ்' செய்தால்தான் அமைவும் போகும். யாரிடமாவது ஃபோனில் "எடுத்துட்டு மறுபடி போடுங்க" என்று சொல்லும்போது எதைத் தட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் மாறும்போது

இது சிறிய விஷயம், ஆனால் வந்தால் கடிக்கும். புதுப் பதிப்பில் 'எடை.கான்ஃப்' என்பதைத் 'தராசு.கான்ஃப்' என்று மாற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிபிகேஜிக்கு இது பெயர் மாற்றமாகத் தெரியாது. பழைய கோப்பு வழக்கொழிந்தது என்ற முத்திரையோடு அங்கேயே கிடக்கும், புதிய கோப்பு உங்கள் இயல்பு அமைவோடு வந்து உட்காரும். ஆள் பழைய கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பார், எதுவும் நடக்காது.

'டிபிகேஜி-மெயின்ட்ஸ்கிரிப்ட்-ஹெல்ப்பர்' இதற்காகவே இருக்கிறது. 'எம்வி_கான்ஃபைல்' என்ற துணைக்கட்டளை, திருத்தங்களோடு கோப்பைப் புதுப் பெயருக்கு மாற்றும். 'ஆர்எம்_கான்ஃபைல்' நீக்கும், திருத்தப்பட்டிருந்தால் '.டிபிகேஜி-பேக்' என்ற ஒட்டோடு ஒரு நகலை வைத்துவிட்டு நீக்கும். மூன்று ஸ்கிரிப்ட்டுகளிலும் ஒரே அழைப்பு இருக்க வேண்டும்: 'ப்ரீஇன்ஸ்ட்', 'போஸ்ட்இன்ஸ்ட்', 'போஸ்ட்ஆர்எம்'. டெப்ஹெல்ப்பர் வைத்திருப்பவர்கள் 'மெயின்ட்ஸ்கிரிப்ட்' கோப்பில் ஒரு வரி எழுதினால் மூன்றிலும் அதுவே சேர்த்துக்கொள்ளும். மாற்றம் எந்தப் பதிப்பில் நடக்கிறதோ அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் அலைக்குறி போட்டுக் கொடுப்பது வழக்கம்.

முடிந்தால் பெயரையே மாற்றாதீர்கள். பெயர் அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

டெபியன் இல்லாதவர்களுக்கு

ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் பொதி ஆர்பிஎம். அங்கே பொதி கட்டும் விவரத்தை எழுதும் ஸ்பெக் கோப்பில் கோப்புகளைப் பட்டியலிடும் இடத்தில், பாதைக்கு முன்னால் சதவீதக் குறியோடு 'கான்ஃபிக்' என்று எழுதுவார்கள். வெறுமனே அப்படி எழுதினால், இருவரும் மாற்றிய சந்தர்ப்பத்தில் புதியது ஏறிவிடும், திருத்திய கோப்பு '.ஆர்பிஎம்சேவ்' என்று ஓரமாக வைக்கப்படும். 'கான்ஃபிக்' என்பதோடு அடைப்புக்குறிக்குள் 'நோரீப்ளேஸ்' என்று சேர்த்தால் திருத்தியது இருக்கும், புதியது '.ஆர்பிஎம்நியூ' என்று வந்து காத்திருக்கும். ஆர்பிஎம் கேள்வியே கேட்காது, நீங்கள் பொதியில் எழுதியதுதான் முடிவு. ஆகவே 'நோரீப்ளேஸ்' இல்லாமல் ஓர் அமைவுக் கோப்பையும் அனுப்ப வேண்டாம் என்பேன். பழைய அமைவு இருந்தால் புது நிரல் ஓடவே ஓடாது என்ற அரிதான நிலை மட்டும் விலக்கு. 'ஆர்பிஎம் -கியூசி' என்று தட்டிப் பொதியின் பெயரைக் கொடுத்தால் எவையெல்லாம் அமைவுக் கோப்பு என்று பட்டியலிடும்.

ஆர்ச் லினக்ஸில் பிகேஜிபில்ட் (பெயர் முழுக்கப் பேரெழுத்தில்) கோப்பில் 'பேக்அப்' என்ற பட்டியல். அங்கே பாதையின் தொடக்கத்தில் சாய்கோடு கூடாது, டெபியனுக்கு நேர் மாறு. இரண்டுக்கும் பொதி கட்டுகிறவர்கள் இதில் ஒருமுறையாவது விழுவார்கள். ஒட்டு '.பேக்நியூ'.

ஸ்லாக்வேரில் பொதி நிர்வாகிக்கு அமைவுக் கோப்பு என்ற கருத்தே கிடையாது. கோப்பை '.நியூ' என்ற ஒட்டோடுதான் பொதிக்குள் வைக்க வேண்டும். நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டில் ஒரு சின்னச் செயற்கூறு இருக்கும்: அந்தப் பெயரில் பழைய கோப்பு இல்லையென்றால் ஒட்டை எடுத்துவிட்டு இடத்தில் வை, இரண்டும் ஒன்றாக இருந்தால் '.நியூ' கோப்பை அழி, வேறாக இருந்தால் இரண்டையும் விட்டுவிடு. நாலைந்து வரி ஷெல். எனக்கு அதைப் படிக்கப் பிடிக்கும், எதுவும் மறைந்திருக்கவில்லை.

கேள்வியே வராமல் செய்ய

இவ்வளவுக்கும் பிறகு நான் வந்து சேர்ந்த ஏற்பாடு வேறு. இயல்பு அமைவு முழுவதையும் '/யுஎஸ்ஆர்/ஷேர்/கொழுந்து' கோப்புறைக்குள் வைத்துவிட்டேன். அது என் சொத்து, ஒவ்வொரு பதிப்பிலும் மாற்றுவேன், யாரும் அதைத் திருத்த வேண்டியதில்லை. '/இடிசி/கொழுந்து/எடை.கான்ஃப்.டி' என்ற கோப்புறையைப் பொதி காலியாக உருவாக்கும். தொழிற்சாலைக்காரர் தனக்கு வேண்டிய வரிகளை மட்டும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி அங்கே வைக்கிறார். ஈரக்கழிவு ஒரு வரி, தராசின் இணைப்பு முனை ஒரு வரி. நிரல் முதலில் இயல்பைப் படித்து, பிறகு இதைப் படித்து மேலே போர்த்திக்கொள்கிறது. லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி தன் சேவைக் கோப்புகளுக்குச் செய்வதும் இதே முறைதான்.

இதில் '/இடிசி'க்குள் பொதி எந்தக் கோப்பையும் வைப்பதில்லை. வைக்காத கோப்பின் மேல் ஏறவும் முடியாது. ஒரே குறை, இயல்பு அமைவில் நான் ஒன்றை மாற்றினால் அது அவர்களுக்குக் கேள்வியில்லாமல் போய்ச் சேரும். கழிவு விகிதம் போன்ற பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் அதனால் இயல்பு மதிப்பே கொடுப்பதில்லை. அந்த வரி எழுதப்படவில்லையென்றால் நிரல் ஓடாது, "ஈரக்கழிவு எவ்வளவு என்று சொல்லப்படவில்லை" என்று எழுதிவிட்டு நின்றுவிடும்.

பிறர் எழுதிய நிரலைப் பொதியாக்குகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இருக்காது. அவர்கள் பட்டியலை ஒழுங்காக எழுதினால் போதும்.

அனுப்பும் முன் சோதிப்பது

மெய்நிகர் கணினி ஒன்றில் செய்யுங்கள், வேலை நடக்கும் கணினியில் வேண்டாம். மூன்று பொதி கட்டுங்கள். 1.0, பிறகு அமைவுக் கோப்பை மாற்றாமல் பதிப்பு எண்ணை மட்டும் ஏற்றி 1.1, பிறகு அமைவுக் கோப்பிலும் ஒரு வரி மாற்றி 1.2. முதலில் 1.0 நிறுவி, கோப்பில் ஈரக்கழிவை 7 என்று திருத்துங்கள். 1.1 ஏற்றினால் கேள்வி வரக் கூடாது, 7 இருக்க வேண்டும். 1.2 ஏற்றினால் கேள்வி வர வேண்டும். எண்டர் அடியுங்கள், 7 இருக்க வேண்டும், பக்கத்தில் '.டிபிகேஜி-டிஸ்ட்' கிடக்க வேண்டும். பிறகு பர்ஜ் செய்துவிட்டு, 1.0 நிறுவி, எதையும் திருத்தாமல் 1.2 ஏற்றுங்கள். இப்போது கேள்வி வந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் ஏதோ கோப்பைத் தொடுகிறது. எனக்கு இது அரை மணி நேர வேலை, கூடலூர் போய்வருவது ஒரு முழு நாள்.

இதுவரை பட்டியல் இல்லாமல் பொதி அனுப்பிவிட்டு இப்போதுதான் சேர்க்கிறீர்கள் என்றால், அந்த முதல் தாண்டலுக்கு முன் ஒவ்வொரு கணினியிலும் '/இடிசி'யின் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். எட்ஸிகீப்பர் நிறுவினால் அந்தக் கோப்புறை முழுவதையும் கிட் என்ற பதிப்புப் பதிவுக் கருவியில் வைத்து, பொதிகளை இறக்கி நிறுவும் ஏபிடி ஓடும் ஒவ்வொரு முறையும் மாற்றங்களைத் தானே பதிந்துகொள்ளும்.

ஏற்றி முடித்த பிறகு, தேங்கிக் கிடக்கும் ஒட்டுக் கோப்புகளைத் தேடுங்கள்:

ஃபைண்ட் /இடிசி -நேம் '*.டிபிகேஜி-*'

வரும் ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருக்கும் நடப்புக் கோப்போடு 'டிஃப்' கட்டளையால் ஒப்பிட்டுப் பார்த்து, தேவையான வரியை எடுத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். போனமுறை ஒரு தொழிற்சாலையில் தேடியபோது மூன்று வருடத்துக் கோப்புகள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றின் தலைப்பில் இன்னும் "கொழுந்து 1.3 அமைவு" என்று எழுதியிருந்தது.